மேல் வீடும் டெராஹெர்ட்ஸ் லேசரும்

என் கணவருக்கு முனைவர் பட்டம் கிடைக்குமா கிடைக்காதா என்பது எங்கள் இரண்டு வீடுகளிலும் மழை வருமா வராதா என்பதைப் போலப் பேசப்பட்ட விஷயம். எல்லோரும் கேட்பார்கள். பதில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களும் பதிலுக்காக நிற்க மாட்டார்கள், அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன்.

அவர் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். நான் வேலூரில் வேறொரு கல்லூரியில் அதே பாடம். எனக்கு வேலை நிரந்தரம், அவருக்கு இல்லை. பட்டம் வாங்கினால்தான் நிரந்தரம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்து, காலக்கெடுவை நீட்டித்து, மறுபடி நீட்டித்து, இனி நீட்டிக்க மாட்டோம் என்று பல்கலைக்கழகமும் சொன்ன கட்டத்தில்தான் இந்தக் கதை நடக்கிறது. பட்டம் இல்லை என்றால் மாலத்தீவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. ஏஜென்ட் ஒருவர் இடம் பிடித்து வைத்திருந்தார். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள் நிறைய பேர். போனவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்து, டின் மீன் கொடுத்துவிட்டு, திரும்பப் போனார்கள்.

அதற்கு முன்பே நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது. அவர் ஆம்பூரில் அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருந்தார். நான் பாகாயத்தில் அப்பா அம்மாவோடு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து ஆம்பூர் போவேன். பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டி, தோல் பதனிடும் டேனரி நாற்றம் ஜன்னல் வழியாக ஏறினால் ஊர் வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்லாமலே பயணிகள் எழுந்துகொள்வார்கள். திங்கள் விடியற்காலை அதே பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டே திரும்புவேன். கல்யாணமாகிச் சில வருடங்கள் இப்படியே ஓடின. சலிப்பு என்று பெரிய வார்த்தை போட வேண்டாம். உடம்பு வலித்தது, அவ்வளவுதான்.

அவருடைய ஆராய்ச்சி மிகச் சிறிய லேசர் ஒன்றை வடிவமைப்பது. ரேடியோ அலைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் டெராஹெர்ட்ஸ் என்று ஒரு வரிசை அலைகள் உண்டு. அதை உண்டாக்குவது பெரும்பாடு. ரேடியோக்காரர்களின் கருவி அந்த உயரத்துக்கு எட்டாது, வெளிச்சக்காரர்களின் கருவி அந்தப் பள்ளத்துக்கு இறங்காது. காந்த உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் ஸ்பின்னை வைத்து அதை உண்டாக்கலாம் என்பது அப்போது புதிதாகப் பேசப்பட்ட யோசனை. அந்த அலை காய்ந்த தோலுக்குள் புகுந்து மறுபக்கம் வரும், ஈரம் இருந்தால் நின்றுவிடும். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அவர் அண்ணன் இதைக் கேட்டதும், ஷூவின் அடி அட்டைக்குள் ஆணி இருந்தால் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் இவர். அப்படியானால் சீக்கிரம் முடி, கையால் தடவித் தடவிப் பார்ப்பது பேஜாரான வேலை என்றார் அண்ணன். எங்கள் ஆராய்ச்சிக்குக் கிடைத்த ஒரே ஊக்க வார்த்தை அதுதான்.

விஷயம் இவ்வளவுதான். ஸ்பின் என்ற சுழற்சியால் ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு சின்னக் காந்தம். அது இரண்டே திசையில்தான் நிற்கும், இப்படி அல்லது அப்படி. காந்த உலோகத்துக்குள் ஒரு திசையில் நிற்பவை சொகுசாகக் கீழ்ப்படியில் இருக்கும், எதிர்த் திசையில் நிற்பவை மேல்படியில் தவிக்கும். வேறொரு காந்தத்திலிருந்து, சில நானோமீட்டரே அகலமுள்ள ஒரு இடுக்கு வழியாக எலக்ட்ரான்களைத் தள்ளி, மேல்படிக் கூட்டத்தை அதிகமாக்கினால் அவை திரும்பிக் கீழே விழும்போது ஒவ்வொன்றும் ஒரு துளி டெராஹெர்ட்ஸைக் கொடுக்கும். அதுதான் லேசர். தப்பாகத் தள்ளி, கீழ்ப்படிக் கூட்டத்தை அதிகமாக்கினால் அந்த உலோகம் அலையைக் கொடுக்காது, விழுங்கும். தள்ளிவிடும் காந்தத்துக்கு இன்ஜெக்டர் என்று பெயர். அது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்குப் பொது விதி கிடையாது. உலோகத்துக்கு உலோகம் மாறும். அவர் தேர்ந்தெடுத்த உலோகத்துக்கு எது சரி என்று அவர்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

வடிவம் அவருடையது. கணினியில் கணக்கை ஓட்டுவது நான். எங்கள் கல்லூரியில்தான் கம்ப்யூட்டர் லேப் இருந்தது, எனக்குத்தான் புரோகிராம் எழுத வரும். பின்னால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி பாகாயத்து வீட்டில் வைத்துக்கொண்டேன். அவர் ஆம்பூர் டெலிபோன் பூத்திலிருந்து பேசுவார், நான் கேட்டு எழுதிக்கொள்வேன். உலோகத்தின் அளவு, இடுக்கின் அகலம், மின்னோட்டம், எல்லாம் போனில்தான். அப்படி ஒரு நாள் சொன்னதுதான் அந்த வாக்கியமும்.

"இன்ஜெக்டர் மேல பாக்கணும், மறந்துடாத."

நான் மறக்கவில்லை. எங்கள் பாடத்தில் ஸ்பின் என்றாலே மேலே, கீழே என்ற இரண்டுதான். உலகத்திலுள்ள எல்லாப் புத்தகத்திலும் மேல் அம்பு, கீழ் அம்பு. என் புரோகிராமில் அலையைக் கொடுக்க வேண்டிய இரண்டாவது காந்தத்தை மேல்நோக்கி வைத்திருந்தேன். இன்ஜெக்டரையும் மேல்நோக்கி வைத்தேன். ஓட்டினேன்.

விழுங்கியது.

திரையில் ஒரு பூஜ்யக் கோடு. அதற்கு மேலே வளைவு எழும்பினால் லேசர். எங்கள் வளைவு கீழேயே படுத்துக்கிடந்தது. மின்னோட்டத்தைக் கூட்டினால் இன்னும் ஆழமாகப் படுத்தது. இடுக்கைக் குறுக்கினோம். வெப்பத்தைக் குறைத்தோம். உலோகத்தை மட்டும் மாற்றவில்லை, அதை மாற்றினால் ஆராய்ச்சியே வேறாகிவிடும். சென்னையிலிருந்த அவருடைய நெறியாளர் நல்ல மனிதர். ஆண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, நெகட்டிவ் ரிசல்ட்டும் ரிசல்ட்தான் என்றார். மறு வருடமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருடம் ஒன்றும் சொல்லாமல் காபி வாங்கிக் கொடுத்தாராம். காபி வாங்கிக் கொடுத்தார் என்று இவர் போனில் சொன்னபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

குறி தப்பியிருக்கும் என்று எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம். அதனால் அதன் சுழற்சி ஒரு பக்கம் என்றால் காந்தம் எதிர்ப் பக்கம் பார்க்கும். இந்த ஒரு மைனஸ் குறியில் விழாத இயற்பியல்காரர் கிடையாது. ஆகவே அந்த மைனஸை நான் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். ஓட்டம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போகும், வந்ததும் முதலிலிருந்து பார்ப்பேன். பரீட்சைத் தாள் திருத்தும் நேரம் போக மிச்சமெல்லாம் அதற்கே போனது. மைனஸ் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் கொடுமை. தப்பு கிடைத்தால் திருத்தலாம், எல்லாம் சரியாக இருந்தால் என்ன செய்வது?

அவர் என்னைக் குறை சொன்னதில்லை. புரோகிராமைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் உண்மை வந்திருக்கும். அவர் அடங்கிப் போகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கிராஃப் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பார். கொஞ்ச நேரத்தில் காகிதம் மார்பின் மேல் ஏறி இறங்கும். எனக்கு அவரைப் பார்க்கக் கோபமாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். எது ஜாஸ்தி என்று கேட்டால் அன்றன்றைய பஸ் கூட்டத்தைப் பொறுத்தது.

அந்த வருடம் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. அப்பா ஓய்வு பெற்றார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவரும் அம்மாவும் சொந்த ஊருக்குப் போனார்கள். இவர் மாலத்தீவுக்குச் சரி என்று சொன்னார். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். முடிவு எடுத்துவிட்ட மனிதரின் முகத்தில் வரும் தெளிவு அவர் முகத்தில் இருந்தது, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஜூனுக்குள் அங்கே இருக்க வேண்டும். அதுவரை இருக்கும் சில மாதங்களாவது ஒரே கூரையின் கீழ் இருப்போம், ஆம்பூரிலேயே வீடு பார்க்கிறேன், நீ ரயிலில் போய் வா என்றார். போகப் போகிறவருக்கு எதற்கு வீடு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கும் அந்தச் சில மாதங்கள் வேண்டியிருந்தன.

ஒரு வாரத்தில் போன் வந்தது. தோல் வியாபாரம் செய்து ஓய்ந்த ஒரு பாயின் வீடு, இரண்டு பாகம், அதில் மேல் வீடு நமக்கு என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாடி என்றால் காற்று வரும். நாற்றம் கொஞ்சம் கம்மியாக இருக்கும். துணி காயப்போட மொட்டைமாடி கிடைக்கும். சாயங்காலம் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்காரலாம் என்றெல்லாம் நான் பாகாயத்தில் பெட்டி கட்டிக்கொண்டே குடித்தனம் நடத்தினேன்.

சாமான் வண்டி போய் நின்றது. பாய் சாவியோடு வாசலில் காத்திருந்தார். தரையோடு தரையாக, ஓடு வேய்ந்த ஒரே நீள வீடு. நடுவில் சுவர். மாடியே இல்லை. நான் பின்பக்கம் வரைக்கும் போய்ப் படி தேடிவிட்டு வந்தேன்.

"படி எங்கங்க இருக்கு?"

"எதுக்குப் படி?" கம்ப்யூட்டர் மானிட்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார் அவர்.

"மேல் வீடுன்னு சொன்னீங்களே."

"இதான் மேல் வீடு. பாய் இருக்கறது கீழ் வீடு."

பாய் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எனக்கு உதவிக்கு வந்தார். "மேலாண்ட வூடும்மா இது. சாயங்காலம் வெயிலு கொஞ்சம் ஜாஸ்தி அடிக்கும், மத்தபடி குறை இல்ல."

மேற்குப் பக்க வீடு. அவ்வளவுதான். நான் இறக்கி வைத்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மொட்டைமாடி போனது, காற்று போனது, நாற்காலிகள் போயின. அதற்கெல்லாம் அழ முடியாது, ஆகவே கோபம் வந்தது. மேலே என்றால் மேலே, மேற்கு என்றால் மேற்கு என்று சொல்லத் தெரியாதா, படித்தவர்தானே, கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்தானே என்று பாய் இருக்கிறார் என்றும் பார்க்காமல் ஆரம்பித்தேன். அவர் மானிட்டரோடு நின்றார். பேசிக்கொண்டே போனவள் பாதியில் நின்றேன். 

"இன்ஜெக்டர் மேல பாக்கணும்னு போன்ல சொன்னீங்களே. அது எந்த மேல?"

அவர் மானிட்டரை மெதுவாகத் தரையில் வைத்தார். தூசி படிந்திருந்த சிமெண்டில் விரலால் ஒரு நீளக் கட்டம் வரைந்தார், அவர் எப்போதும் வரைகிற மாதிரி, வடக்கு மேலே இருக்கும்படி. இடது கோடியைத் தொட்டார்.

"மேற்க," என்றார். "இடது பக்கம்."

நான் பார்க்காமல் போனில் கேட்டே எழுதிய அவருடைய வரைபடத்தில் இரண்டு காந்தங்களும் படுத்திருந்தன. இரண்டாவது வலது பக்கம் பார்த்தது, அதுதான் என் புரோகிராமில் மேல் அம்பு. இன்ஜெக்டர் இடது பக்கம், அதாவது மேற்கே, அதாவது என் கணக்கில் கீழ் அம்பாக இருந்திருக்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்திருந்தேன். இத்தனை வருடமும் மைனஸைத் தேய்த்தேனே தவிர அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. சொல்லில் தப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மூட்டைகளுக்கு நடுவில் தரையிலேயே கம்ப்யூட்டரைப் பொருத்தினோம். குடிபோன வீட்டில் முதலில் பால் காய்ச்சாமல் இதென்ன என்று பாய் வீட்டம்மா சுவர் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரே ஒரு குறியை மாற்றினேன். ஓட்டம் முடிய நேரம் பிடித்தது.  கரண்ட் போகக் கூடாது என்று மட்டும் நான் ஜெபம் பண்ணினேன்.

வளைவு எழுந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. கணக்கில் வெப்பத்தை வெகுவாகக் குறைத்தால் மட்டும், ஒரு சிறிய மேடு. ஆனால் கோட்டுக்கு மேலே.

குதிப்போம், கட்டிக்கொள்வோம், அழுவோம் என்று பல வருடமாக நினைத்து வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து திரையையே பார்த்தார்.  சந்தோஷப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், எங்களிடம் அது மிச்சமில்லை. எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சினேன். பொங்கி வழிந்ததையும் கவனிக்கவில்லை.

டம்ளரைக் கொடுக்கும்போதுதான் கேட்டேன். மேலாண்ட என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமே. வேலூரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஆட்டோக்காரர் மேலாண்ட, கீழாண்ட என்றால் மேற்கு, கிழக்கு என்று தெரியாதா எனக்கு? வெறும் மேல என்றால் எப்படி?

அவர் பாலை ஊதினார். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு வந்தப்ப, சேரைக் கீழாண்ட தள்ளிப் போடுன்னேன். உங்க அம்மா சிரிச்சாங்க இல்ல. அன்னிலேந்து உங்கிட்ட பேசறப்ப ஆண்டயை மட்டும் விட்டுட்டேன்."

அம்மா சிரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. கேலியாகச் சிரிக்கவில்லை, நர்ஸுகள் குழந்தையின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களே, அந்த மாதிரி. அவ்வளவு சின்னச் சிரிப்பு. அதை அவர் இத்தனை வருடம் வைத்துக்கொண்டிருந்தார், அதற்காகச் சொல்லின் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு என்னிடம் பேசினார், நான் அதைக் கவனிக்கவே இல்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் தலையைத் தொட வேண்டும் போலிருந்தது. பாய் வீட்டம்மா இன்னும் நின்றுகொண்டிருந்ததால் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நெறியாளர் சந்தோஷப்பட்டு, பல்கலைக்கழகத்தில் யாரையோ பார்த்து, இன்னும் ஒரு நீட்டிப்புக்கு வழி செய்தார். மாலத்தீவு வேண்டாம் என்று சொன்னதற்கு ஏஜென்ட் திட்டினார். மேல் வீட்டில் சாயங்கால வெயில் பாய் சொன்னபடியே அடித்தது. அந்த வெயிலில்தான் ஆய்வேடு முழுக்க எழுதப்பட்டது. குறியில் மறுபடி தப்பு வரக் கூடாது என்று இடது, வலது என்று மட்டுமே பேசினோம். உப்பு எந்தப் பக்கம் என்றால்கூட இடது, வலது. குற்றம் யாருடையது என்பதில் இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. சொன்னவர் மேல் என்று நான், கேட்டவள் மேல் என்று அவர். அந்த லேசரை இதுவரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அண்ணன் ஓய்வு பெறும் வரையில் ஷூவைக் கையால்தான் தடவிப் பார்த்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் சென்னை போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் நாள் வரை தாள் திருத்தியதில் கண் எரிந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் கறாரானவர், ஆனால் முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். வருடா வருடம் கொடுத்த அறிக்கைகளில் இந்த அமைப்பு அலையை விழுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி அறிக்கையில் திடீரென்று கொடுக்கிறது என்கிறீர்கள். அதே உலோகம், அதே அளவு, அதே சமன்பாடு. நடுவில் என்ன மாறியது?

ஒரு குறி தப்பாகிவிட்டது, பின்னால் திருத்தினோம் என்று சொன்னால் முடிந்தது. அப்படித்தான் சொல்லச் சொல்லி ரயிலில் பழக்கியிருந்தேன். அவர் அத்தனை தலைகளுக்கும் மேலாகப் பின்வரிசையில் என்னைத் தேடினார். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பழக்கியது எல்லாம் போயிற்று என்று.

"வீடு மாத்தினோம் சார்," என்றார்.

பரிசோதகர் விளக்கத்துக்காகக் காத்திருந்தார்.  நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன், சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.